ரொக்கம் வந்தால் எந்தப் பக்கம்?

1

உங்க பத்திரிகையில் ஒரு மாசம் ரங்கூனுக்குப் போனவர் எழுதுறார், இன்னொரு மாசம் நேட்டாலுக்குப் போனவர் எழுதுறார். கப்பலில் வாந்தி எடுத்த கதையை ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்காங்க. எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. நான் ஜோலார்பேட்டையில் ரயில் ஏறி, பௌரிங்பேட்டையில் இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டியில் தங்கவயலுக்கு வந்தவள். அப்ப சுரங்கம் வரைக்கும் ரயில் கிடையாது. அம்மா கட்டிக்கொடுத்த புளிசாதம் கெட்டுப்போறதுக்குள்ள வந்து சேர்ந்துட்டேன். இதுக்குப் பேர் வெளிநாடான்னு நீங்க சிரிப்பீங்க. சிரிங்க, நானும் அப்படித்தான் சிரிச்சேன்.

ஆனா இது வேற ராஜா, வேற பாஷை, வேற சட்டம். என் தம்பி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனப்பத்தான் எனக்கே அது உறைச்சது. பிளேக் நோய் பரவின சமயம். ஜோலார்பேட்டையில் மைசூர்ப் பக்கத்து ஜனத்தை மட்டும் இறக்கி வரிசையில் நிறுத்தினாங்க. கண்ணை இழுத்துப் பார்த்தாங்க, கையைப் பிடிச்சுப் பார்த்தாங்க. ஒரு சீட்டில் பேர், வயசு, எந்த நாட்டிலிருந்து வர்றேங்கிறது எல்லாம் எழுதினாங்க. அந்த கிளார்க்கு தலையை நிமிர்த்தாமலே, "ஊருக்குப் போனதும் தினம் காலையில மணியக்காரர் கிட்ட போய் முகத்தைக் காட்டிட்டு வரணும்மா, தெரிஞ்சுதா?"ன்னார். நான் பொறந்து வளர்ந்த ஊர். அந்த மணியக்காரர் வீட்டு மாமரத்துல கல்லால அடிச்சவ நான். அவர் வாசல்ல போய் நின்னு, "நான் இன்னும் சாகலைங்க"ன்னு தினம் காட்டிட்டு வந்தேன்.

அதே கல்யாணத்தில் பந்தியில் என் சித்தி சோறு போட வந்தா. போதும்னு சொல்ல நெனச்சு, வாய் தவறி, "சாகு, சாகு"ன்னுட்டேன். கன்னடத்துல சாகுன்னா போதும்னு அர்த்தம். இங்க பால்காரியிலிருந்து தண்ணிக்காரன் வரைக்கும் எல்லார்கிட்டயும் அதைச் சொல்லிச் சொல்லிப் பழகின நாக்கு. சித்தி கரண்டியை அப்படியே அன்னக்கூடையில் போட்டுட்டு, "நான் உனக்கு இன்னாடி பண்ணேன்? கல்யாண வீட்ல வந்து என்னைச் சாகச் சொல்றே!"ன்னு அழ ஆரம்பிச்சுட்டா. விளக்கிச் சொல்றதுக்குள்ள பந்தியே முடிஞ்சுபோச்சு.

இந்த ரெண்டு கதையும் சும்மா சிரிக்கத்தான். நான் எழுத உட்கார்ந்தது வேற விஷயம். போன வருஷம் எங்க லைன் வீட்டு வாசலில் வெச்சு ஒரு வெள்ளைக்காரத் துரை என்னை ஒரு கேள்வி கேட்டார். நான் ஒரு பதில் சொன்னேன். நாளையோட அதுக்கு ஒரு வருஷம் ஆகுது.

2

எங்க வீட்டுக்காரர் ஒரு மைனில் ஸ்டோர் ரைட்டர். எந்த மைன்னு சொல்லமாட்டேன், இங்க சாம்பியன் ரீப்ஸ், பாலகாட்டுன்னு எத்தனையோ இருக்கு. சுரங்கத்துக்குள்ள இறங்குற ஆளுங்களுக்கு மெழுகுவர்த்தி, திரி, உளி, கடப்பாரை எல்லாம் ஸ்டோரிலிருந்துதான் போகும். எது வந்தது, எது போச்சு, எவ்வளவு ரொக்கம் கைமாறிச்சுன்னு பேரேட்டில் எழுதி, மாசக் கடைசியில் ரெண்டு பக்கமும் சமமா நிக்குதுன்னு காட்டணும். அதுதான் அவர் வேலை.

அந்த வேலையைப் பதினஞ்சு வருஷமா செய்யறவ நான்.

எப்படின்னு சொல்றேன். மாசக் கடைசி ஞாயித்துக்கிழமை, காலை ஆராதனை முடிஞ்சு, சாப்பிட்டு, கதவை ஒருக்களிச்சு வெச்சுட்டு நானும் அவரும் தரையில் உட்காருவோம். அவர் கோட்டுப் பையிலிருந்து வேதபுத்தகத்தை எடுப்பார். அதோட அட்டைக்குள்ள துண்டுச் சீட்டுங்க இருக்கும். ஸ்டோர் கணக்கில் காகிதத் துண்டு ஒண்ணு கேட்டைத் தாண்டினாலும் வேலை போச்சு. கேட்டில் காவல்காரன் ஆளுங்களோட கோவணத்தை அவிழ்த்துக்கூடப் பார்ப்பான், வேதபுத்தகத்தை மட்டும் திறக்கமாட்டான். எப்பவும் கையில் வேதத்தோட போறதைப் பார்த்துட்டு, ஸ்டோர் துரை இவரை ரொம்ப பக்திமான்னு நெனச்சுக்கிட்டிருந்தார். கர்த்தர் எங்களை மன்னிப்பாராக.

நான் சிலேட்டில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் டெபிட், அந்தப் பக்கம் கிரெடிட்டுன்னு எழுதிக் கூட்டி, சரிக்கட்டிக் கொடுப்பேன். அவர் பொடி எழுத்தில் அதைப் பார்த்து எழுதி, மறுபடி வேதத்துக்குள்ள வெச்சுப்பார். அப்புறம் நான் ஈரத்துணியால சிலேட்டைத் துடைச்சுடுவேன். திங்கக்கிழமை அவர் முத்து முத்தான கையெழுத்தில் பேரேட்டில் ஏத்திடுவார். கையெழுத்துன்னா அப்படி ஒரு கையெழுத்து. இங்கிலீஷும் நல்லாப் பேசுவார். எந்தப் பக்கம் எதை எழுதணுங்கிறது மட்டும் அந்த மனுஷன் மண்டையில் ஏறாது. தலைகீழா நின்னாலும் ஏறாது.

விஷயம் வெளியே தெரிஞ்சா வேலை போகும். வேலை போனா மூணு நாளில் வீட்டைக் காலி பண்ணணும், லைன் வீடு கம்பெனி வீடு. ஊரில் எங்களுக்கு ஒரு குழி நிலம் கிடையாது. அதனால நான் நிறுத்தவும் முடியாது, சொல்லிக்கவும் முடியாது. ஸ்டாம்பு மில்லு கல்லு இடிக்கிற சத்தம் ராப்பகலா தரையெல்லாம் அதிர்ந்துக்கிட்டே இருக்கும். வந்த புதுசுல தூக்கமே வராது. இப்ப ஊருக்குப் போனா அந்தச் சத்தம் இல்லாம தூக்கம் வரலை. என் நிலைமையை இதுக்கு மேல எப்படிச் சொல்றதுன்னு தெரியலை.

3

இந்தக் கணக்கை நான் எங்க கத்துக்கிட்டேன்னு சொல்லணும் இல்லையா?

வேலூருக்கு இந்தாண்ட ஒரு மிஷன் ஹைஸ்கூல். எங்கப்பா அங்க உபதேசியார். அதனால பொம்பளைப் பிள்ளைங்க மூணு பேரைப் பையன்களோட வகுப்பில் உட்கார விட்டாங்க, நடுவே ஒரு பாயைத் தொங்கவிட்டு. அந்த வருஷம்தான் புக் கீப்பிங்னு ஒரு பாடம் புதுசா வந்தது. சாலமோன் வாத்தியார் எடுத்தார். முதல் நாளே கரும்பலகையில் நடுவே ஒரு கோடு போட்டு, "டெபிட் வாட் கம்ஸ் இன், கிரெடிட் வாட் கோஸ் அவுட்"னு எழுதி, தமிழ்ல சொன்னார். "டெபிட்டுன்னா பற்று. கிரெடிட்டுன்னா வரவு. ஆகையினால பிள்ளைங்களே, உள்ள வர்றதைப் பற்றில் எழுது. வெளிய போறதை வரவில் எழுது."

பாய்க்கு அந்தப் பக்கம் ஒரு பையன் எழுந்து, "சார், போறதுக்குப் பேர் வரவுன்னா, எங்க தாத்தா போனப்ப வந்தார்னுதான் சொல்லியிருக்கணுமா சார்?"ன்னு கேட்டான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. நானும் வாயைப் பொத்திக்கிட்டு சிரிச்சேன். அந்தப் பையனைத்தான் அப்புறம் கட்டிக்கிட்டேன். சிரிக்கிறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிச்சிருக்கலாம்.

தமிழ்ப் பிள்ளைங்க எல்லாருமே அங்கதான் வழுக்கி விழுவாங்க. வரவுங்கிற வார்த்தைக்குள்ளயே வர்றது இருக்கு. காசு வந்தா வரவுன்னுதான் கை தானா எழுதும். வரவுன்னா கிரெடிட்டு. ஆக, வந்த காசை கிரெடிட்டு பக்கம் எழுதிட்டு, ஏன் தப்புன்னு தெரியாம முழிப்பாங்க. சாலமோன் வாத்தியார் பிரம்பை எடுத்தும் பார்த்தார், பிரயோஜனம் இல்லை.

எனக்கு மட்டும் அது ரெண்டாம் நாளே பளிச்சுனு புரிஞ்சது. செட்டியார் கடையில் நாங்க அரிசி கடனா வாங்குவோம். செட்டியார் எங்கப்பா பேரில் பற்று எழுதுவார். வாங்கினவங்க பேரில் பற்று, கொடுத்தவங்க பேரில் வரவு. அவ்வளவுதான். பணப்பெட்டியும் ஒரு ஆளுன்னு நெனச்சுக்கோ. காசு பெட்டிக்குள்ள போச்சுன்னா பெட்டி வாங்கிக்கிச்சு. அப்ப பெட்டி பேரில் பற்று. இதைப் பாய்க்குப் பின்னாலிருந்து சொன்னேன். வாத்தியார் பிரம்பைக் கீழே வெச்சுட்டு, "யாரது, எஸ்தரா? இன்னொரு தடவை உரக்கச் சொல்லும்மா"ன்னார். உரக்கச் சொன்னேன். வாழ்க்கையில் அன்னைக்கு ஒரு நாள்தான் நான் அதை உரக்கச் சொன்னது.

வருஷக் கடைசியில் மெட்ராஸ் சர்க்கார் பரீட்சை. ஃபீஸ் கட்டணும். "பொம்பளைப் பிள்ளைக்கு எதுக்கு சர்டிபிகேட்டு? பரண்ல வெச்சு பூஜை பண்ணவா?"ன்னு எங்கப்பா கட்டலை. என் நோட்டை அந்தச் சிரிக்க வெச்ச பையன் கடன் வாங்கிட்டுப் போனான். மனப்பாடம் பண்ணான், பாஸ் பண்ணான். அந்தச் சர்டிபிகேட்டைப் பார்த்துத்தான் தங்கவயலில் வேலை கொடுத்தாங்க. வேலை கிடைச்ச மறு மாசம் பெண் கேட்டு வந்தாங்க. நோட்டைத் திருப்பிக் கொடுக்க வந்தவன் என்னையும் சேர்த்து எடுத்துட்டுப் போனான்னு என் தங்கச்சி கேலி பண்ணுவா. நல்ல மனுஷன்தான், அதையும் சொல்லணும். குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. "நீ இல்லன்னா நான் இல்லடி எஸ்தரு"ன்னு மாசத்துக்கு ஒரு தடவை, சிலேட்டைத் துடைக்கும்போது சொல்வார். அதைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளிச்சுப்போச்சு.

4

எங்களுக்கு ஒரே பொண்ணு, ரூத். இங்கயே பொறந்தவ. அவ பேசுறது பாதி தமிழ், பாதி கன்னடம், கோவம் வந்தா இங்கிலீஷ். கொஞ்சம் தண்ணி கேக்கிறதைக்கூட "ஸ்வல்ப நீர் குடும்மா, ஐ ஆம் லேட்டு"ன்னு ஒரே மூச்சில் சொல்வா. ஞாயித்துக்கிழமை சிலேட்டு வேலையை அஞ்சு வயசிலிருந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவ. யாருகிட்டயும் சொல்லக்கூடாதுன்னு நான் சொல்லியிருந்தேன். அவளுக்கு அது எங்க வீட்டு ஜெபம் மாதிரி, எல்லா வீட்டிலும் நடக்கிற ஒண்ணுன்னு நெனச்சிருந்தாளோ என்னவோ.

போன வருஷம் எங்க சுரங்கக் காம்பில் இருக்கிற பள்ளிக்கூடத்தை ஹைஸ்கூல் ஆக்கினாங்க. ஆக்கின கையோட, எங்க ஸ்டோர் துரைக்கு ஒரு யோசனை. ரைட்டர் வேலைக்கு ஆள் பத்தலை, இங்கயே பிள்ளைங்களுக்குக் கணக்குப் பதிவு சொல்லிக் கொடுத்தா என்ன? சொல்லிக் கொடுக்க ஆள்? பதினஞ்சு வருஷமா ஒரு பைசா பிசகாம கணக்கு வெச்சிருக்கிற நம்ம பக்திமான் இருக்காரே!

அன்னைக்கு அவர் வீட்டுக்கு வந்த கோலத்தை நீங்க பார்க்கணும். தலைப்பாவைக் கழட்டாமலே சுவரில் சாய்ஞ்சு உட்கார்ந்துட்டார். "புதன், வெள்ளி, நாலு மணிக்கு. பத்துப் பிள்ளைங்க. நான் இன்னா பண்ணுவேன் எஸ்தரு?"

"முடியாதுன்னு சொல்லுங்க."

"ஏன்னு கேட்டா?"

நான் போய் சிலேட்டை எடுத்துட்டு வந்தேன்.

அதனால புதன், வெள்ளி காலையில், அவர் ஆபீஸுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி, அன்னைக்கு நடத்த வேண்டிய பாடத்தை நான் அவருக்கு நடத்துவேன். அடுப்பில் கஞ்சி கொதிக்கும். இவர் ஷேவ் பண்ணிக்கிட்டே ஒப்பிப்பார். முதல் மூணு பாடம் நல்லாப் போச்சு. பிள்ளைங்களைச் சிரிக்க வைப்பார் இல்லையா, அது போதும். ஃபோர்மேன் வீட்டு ஆங்கிலோ-இந்தியப் பிள்ளைங்க அஞ்சு பேர், தமிழ்ப் பையன்க நாலு பேர், எங்க ரூத். நைனா வகுப்பில் உட்கார்றது அவளுக்கு ரொம்பப் பெருமை. நீலக் கோடு போட்ட புது நோட்டு வாங்கி, ஒவ்வொரு பக்கத்திலும் நடுவே சிவப்பு மையால கோடு இழுத்து வெச்சா.

நாலாவது பாடம் ரொக்கம். அன்னைக்குப் பார்த்து விடியறதுக்கு முன்னாடி பக்கத்து வீட்டு முனியம்மாவுக்கு வலி எடுத்துடுச்சு. அவ புருஷன் ஷிப்டில், சுரங்கத்துக்குள்ள கீழ் லெவலில் இருக்கான். "எஸ்தரக்கா, என்னை விட்டுட்டுப் போவாதே"ன்னு என் புடவையைப் பிடிச்சுக்கிட்டா. எப்படி விட்டுட்டு வர்றது? குழந்தை பொறக்கும்போது மத்தியானம் ஆயிடுச்சு. இவர் பாடம் கேக்காமலே போயிட்டார்.

அப்புறம் நடந்ததை ரூத்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். இவர் போர்டில் கோடு போட்டிருக்கார். "வரவு என்றால் கிரெடிட். ரொக்கம் வந்தால் அது வரவு. ஆகவே கிரெடிட் பக்கம் எழுதுக"ன்னு முத்து முத்தா எழுதியிருக்கார். நாங்க படிச்ச காலத்திலிருந்து எல்லாத் தமிழ்ப் பிள்ளைங்களும் விழுற அதே பள்ளத்தில், வாத்தியாரே விழுந்திருக்கார்.

ரூத்து எழுந்திருக்கா. "நைனா... சார். ரொக்கம் வந்தா டெபிட் இல்லையா சார்?"

"யாரு சொன்னது?"

"அம்மா."

ஃபோர்மேன் பையன் ஒருத்தன் முதல்ல சிரிச்சிருக்கான், அப்புறம் எல்லாரும். ஆனா என் வீட்டுக்காரர் வாய் இருக்கே, அது எதையும் தாங்கும். "சபாஷ்! வேணும்னேதான் தப்பா எழுதினேன், யார் கவனமா இருக்காங்கன்னு பார்க்க. உட்காரும்மா"ன்னு சொல்லிட்டு அழிச்சு எழுதியிருக்கார். வாத்தியாருங்க எல்லாம் செய்யற தந்திரம்தான். பிள்ளைங்க நம்பிட்டாங்க. ஆனா அம்மாங்கிற வார்த்தை நம்பாம வெளியே போயிடுச்சு. ஃபோர்மேன் வீட்டுக்குப் போச்சு, அங்கிருந்து கிளப்புக்குப் போச்சு, கிளப்பில் ஸ்டோர் துரை காதுக்குப் போச்சு.

5

சனிக்கிழமை சாயங்காலம் நாலு மணி இருக்கும். லைனில் ஒரு சலசலப்பு. எட்டிப் பார்த்தா, துரை குதிரையை லைன் முனையில் விட்டுட்டு நடந்து வர்றார். பின்னால இவர், தலைப்பா இல்லாத தலையும் வெளுத்த மூஞ்சியுமா. துரைமார் லைனுக்குள்ள கால் வைக்கிறது பிளேக் வந்தாத்தான். முனியம்மா பச்சைப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு உள்ளே ஓடிப்போய்க் கதவைச் சாத்திக்கிட்டா.

துரை வாசலில் நின்னார். உள்ளே வரச் சொல்ல நாற்காலி இல்லை. ரூத்து கதவுக்குப் பக்கத்தில், அந்த நீல நோட்டை மார்போட அணைச்சுக்கிட்டு நின்னா. அவ மூஞ்சியில் பயமே இல்லை. சொல்லப்போனா சந்தோஷமா இருந்தா. அம்மாவுக்குத் தெரியும்னு அவ சொன்னது துரை வரைக்கும் போயிருக்கு, இப்ப அம்மா சொல்லப்போறா, துரையே கேக்கப்போறார். அப்படித்தான் அவ நெனச்சிருக்கணும்.

துரைக்குத் தமிழ் கொஞ்சம் வரும், சுரங்கத்தில் கத்துக்கிட்ட தமிழ். "அம்மா, நல்லா இருக்கா? ஒரு கேள்வி. காசு வருது. ரொக்கம். எந்தப் பக்கம் எழுதணும்? டெபிட்? கிரெடிட்?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்க்கலை, என் பின்னால அடுப்புக்குப் பக்கத்தில் சாய்ச்சு வெச்சிருந்த சிலேட்டைப் பார்த்துக்கிட்டிருந்தார்.

அந்த ஒரு நிமிஷத்தில் எனக்கு என்னென்ன ஓடிச்சுன்னு கேக்கிறீங்களா? சரியாச் சொன்னா, "ஓ, நீதான் கணக்கு எழுதறியா?"ம்பார். காகிதம் எப்படி கேட்டைத் தாண்டிச்சும்பார். வேதபுத்தகத்தைத் திறப்பாங்க. மூணு நாளில் வீடு. ஒருவேளை துரை நல்லவரா இருந்து, "வெரி குட்"னு சொல்லிட்டுப் போயிருக்கலாம், யாரு கண்டா. அந்த ஒருவேளையை நம்பி என் வீட்டை வைக்க எனக்குத் துணிச்சல் வரலை. அதே சமயம் என் நாக்கு நுனியில் டெபிட்டுங்கிற வார்த்தை தயாரா நின்னுக்கிட்டிருந்தது. சத்தியமாச் சொல்றேன், சொல்லணும்னு ஆசையாத்தான் இருந்தது.

முந்தானையை இழுத்து மூடிக்கிட்டேன். "எனக்கு இன்னாங்க துரை தெரியும், படிக்காத பொம்பளை. வரவுன்னா வரவுதானுங்களே. காசு வந்தா கிரெடிட்டுதானுங்க?"

துரை சிரிச்சார். வாய்விட்டுச் சிரிச்சார். இவர் தோளில் தட்டினார், ஏதோ இங்கிலீஷில் சொன்னார். ஊர்க்காரங்க எல்லாரும் செய்யற தப்பு, உன் பொண்டாட்டியும் அதையே செய்யறாள்ங்கிற மாதிரி. அப்புறம் ரூத்துப் பக்கம் திரும்பினார். "ஏ, குட்டி. அம்மா சொன்னாங்கன்னு சொன்னியே? அம்மாவுக்குத் தெரியாது. யார் சொல்லிக் கொடுத்தது?"

ரூத்து என்னைப் பார்த்தா. நான் கீழே பார்த்துக்கிட்டேன்.

"நைனாதான் சொல்லிக் கொடுத்தாரு துரை. நான் பொய் சொன்னேன்."

துரை போனதும் இவர் கதவைச் சாத்திட்டு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். கண்ணெல்லாம் தண்ணி. "என் மானத்தைக் காப்பாத்திட்டே எஸ்தரு"ன்னார். எனக்கு வந்த கோவத்தில் கையை உதறிட்டு, "உங்க மானத்தைக் காப்பாத்திக் காப்பாத்தித்தான் எனக்குன்னு ஒண்ணும் இல்லாம போச்சு!"ன்னு கத்தினேன். லைன் முழுக்கக் கேட்டிருக்கும். நல்லவேளை, ஸ்டாம்பு மில்லு இடிச்சுக்கிட்டிருந்தது.

6

திங்கக்கிழமை பள்ளிக்கூடத்தில் ரூத்துக்குத் தண்டனை. நான் பொய் சொல்லமாட்டேன்னு இங்கிலீஷில் நூறு தடவை எழுதணும். எழுதி, வீட்டில் பெரியவங்க கையெழுத்து வாங்கிட்டு வரணும். வேற நோட்டு இருந்தும் அவ அந்த நீல நோட்டிலேயே எழுதினா. சிவப்புக் கோட்டுக்கு இந்தப் பக்கம் ஐம்பது, அந்தப் பக்கம் ஐம்பது. டெபிட்டில் ஐம்பது, கிரெடிட்டில் ஐம்பது. ரெண்டு பக்கமும் சமமா நின்னது.

கையெழுத்துக்கு நைனாகிட்ட போவான்னு நெனச்சேன். என்கிட்ட வந்து நீட்டினா. மைக்கூட்டையும் அவளே எடுத்து வெச்சா. "நீயே போடும்மா."

பதினஞ்சு வருஷக் கணக்கு, எத்தனை சிலேட்டு எழுதித் துடைச்சிருப்பேன். ஒரு பேரேட்டிலும் என் பேர் கிடையாது. முதல் தடவையா ஒரு கணக்கு நோட்டில் கையெழுத்துப் போட்டேன். அதுவும் என் பொண்ணு பொய்க்காரின்னு ஒத்துக்கிட்ட பக்கத்துக்குக் கீழே. எஸ்தர்ங்கிறதில் புள்ளி ரெண்டும் தள்ளி விழுந்துச்சு.

அன்னைக்குச் சாப்பாட்டில் அவ தட்டில் சோறு போட்டேன். ரெண்டாவது கரண்டி போட வந்தப்ப, தட்டு மேல கையை வெச்சுக்கிட்டு, "சாகு"ன்னா.

கன்னடத்துல போதும்னு அர்த்தம். அவ பொறந்ததிலிருந்து தினமும் சொல்ற வார்த்தை. எனக்கு அன்னைக்கு அது தமிழ்ல கேட்டுச்சு. என் சித்தி ஏன் அழுதான்னு அப்பத்தான் புரிஞ்சது.

அவ கணக்கு வகுப்புக்கு அப்புறம் போகலை. தலைவலிம்பா, தையல் வகுப்பும்பா. நைனாவோட பேசினா, சிரிச்சா. அவர்கிட்ட அவளுக்குக் கோவமே இல்லை. அவர் அப்படித்தான்னு அவளுக்கு முன்னாடியே தெரியும். கோவம் என் மேலதான். ரெண்டு மாசம் கழிச்சு, வேலூர்ப் பக்கத்து மிஷன் போர்டிங்குக்குப் போறேன்னு தானே பாதிரியாரைப் பார்த்துச் சொல்லி, தானே ஏற்பாடு பண்ணிக்கிட்டா. நான் படிச்ச அதே ஸ்கூல். அவளை ரயில் ஏத்தி விடப் போனோம், இப்ப சுரங்கத்துக்கே ரயில் வந்தாச்சு. மருத்துவ சீட்டு, பள்ளிக்கூட சீட்டு, பாதிரியார் கடிதம்னு எல்லாத்தையும் ஒரு துணிப்பையில் போட்டுக் கொடுத்தேன். வாங்கிக்கிட்டா. வாங்கினவங்க பேரில் பற்றுன்னு என் வாயில் வந்துடுச்சு, முழுங்கிட்டேன்.

அவ போனப்ப அந்த நீல நோட்டை எடுத்துட்டுப் போகலை.

அவ கடுதாசி மாசம் ஒண்ணு வருது. நைனாவுக்குத்தான் விலாசம். "அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம்"னு கடைசியில் ஒரு வரி. அங்க அவளை மைசூர்க்காரின்னு கேலி பண்றாங்களாம், கன்னடம் கலந்து பேசுறதால. புக் கீப்பிங் வகுப்பு இப்ப பொண்ணுங்களுக்கும் உண்டாம். இவ சேரலையாம். கணக்கு எனக்கு வராதுன்னு சொல்லிட்டாளாம்.

கணக்கு வராதாம்! அஞ்சு வயசில் சிலேட்டில் எனக்கு முன்னாடி கூட்டிச் சொன்ன கழுதை. பொய் சொல்லமாட்டேன்னு நூறு தடவை எழுதினவ, நூத்தி ஓராவது தடவை அங்க போய்ச் சொல்லியிருக்கா. அவளுக்கு அதைக் கத்துக்கொடுத்தவ நான்.

7

இன்னைக்கு மாசக் கடைசி ஞாயிறு. இப்பத்தான் சிலேட்டைத் துடைச்சுட்டு வந்தேன். இவர் வேதத்தை மூடிட்டுக் கண்ணசந்துட்டார். மெழுகுவர்த்திக் கணக்கில் ஒரு பெட்டி இடிச்சது, அதைப் பிடிக்க ஒரு மணி நேரம் ஆச்சு. அடுத்த மாசமும் இதேதான். நான் எங்கயும் போகப்போறதில்லை, அது எனக்குத் தெரிஞ்சு போச்சு.

இதை அச்சுல போட்டா துரைக்குத் தெரியாதான்னு நீங்க கேக்கலாம். துரைக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. அப்படியே யாராவது படிச்சுச் சொன்னாலும், தங்கவயலில் ஸ்டோர் ரைட்டருங்களும் நிறைய, எஸ்தருங்களும் லைனுக்கு மூணு பேர். தேடிக்கட்டும். வேலை போனா போகட்டும்னு சொல்ற தைரியம் எனக்கு இன்னும் வரலை. எனக்கு இருக்கிறது இவ்வளவு தைரியம்தான்.

ஆனா உங்க பத்திரிகை அந்த மிஷன் போர்டிங் மேஜைக்கு மாசாமாசம் போகும்னு எனக்குத் தெரியும். சாயங்கால ஜெபத்துக்கு முன்னாடி ஒரு பிள்ளை உரக்கப் படிக்க, மத்தவங்க சுத்தி உட்கார்ந்து கேப்பாங்க. நான் படிச்ச காலத்திலும் அப்படித்தான். அதனால படிக்கிற பிள்ளை யாரா இருந்தாலும், இந்தக் கடைசி ரெண்டு வரியைக் கொஞ்சம் உரக்கப் படிம்மா.

ரூத்து, ரொக்கம் வந்தா டெபிட். உனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தது உங்கம்மாதான்.

எஸ்தர்